மர்மம் இல்லாத கொலை

இங்கிலாந்தில் ஒரு கேள்விக்கு மட்டும் வயசே ஆவதில்லை. 1483-ஆம் ஆண்டு லண்டன் டவர் கோட்டைக்குள் போன இரண்டு சிறுவர்களைக் கொன்றது யார்? மூத்தவன் ஐந்தாம் எட்வர்டு, பன்னிரண்டு வயது, முடிசூட்டு விழாவுக்குக் காத்திருந்தவன். இளையவன் ரிச்சர்டு, ஒன்பது வயது. அவர்களைக் காப்பாற்ற வேண்டிய சித்தப்பா, மூன்றாம் ரிச்சர்டு என்ற பெயரில் தானே சிங்காதனம் ஏறிவிட்டான். அந்தக் கோடைக்குப் பிறகு பிள்ளைகள் கண்ணில் படவில்லை.

கதை இவ்வளவுதான். ஆனால் இதைப் பற்றி எழுதிக் குவித்த காகிதத்தை அடுக்கினால் அந்த டவர் கோட்டையின் உயரத்தைத் தாண்டிவிடும். ஹொரேஸ் வால்போல் 1768-லேயே ரிச்சர்டு குற்றவாளிதானா என்று சந்தேகம் கிளப்பிப் புத்தகம் எழுதினார். 1951-ல் ஜோஸபின் டே அம்மையார் ஒரு நாவல் எழுதினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் போலீஸ்காரர் ஒருவர், ஒரு படத்தையும் சில புத்தகங்களையும் வைத்துக்கொண்டு ரிச்சர்டை விடுதலை செய்துவிடுகிறார். துப்பறியும் கதைகளில் முதல் இடம் எதற்கு என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் சங்கம் ஒன்று 1990-ல் வாக்கெடுத்தபோது, இந்த நாவல்தான் முதலாவதாக வந்தது. டவர் கோட்டையின் படிக்கட்டுக்கு அடியில் 1674-ல் தோண்டியெடுத்த சின்ன எலும்புகள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சலவைக்கல் பேழைக்குள் வைக்கப்பட்டன. 1933-ல் அந்தப் பேழையைத் திறந்து எலும்புகளை அளந்து பார்த்துவிட்டு மூடினார்கள். 2012-ல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டி ரிச்சர்டின் எலும்புக் கூட்டையே எடுத்தார்கள். 2015-ல் ஆலயத்தில் ராஜ மரியாதையுடன் அடக்கமும் நடந்தது.

இந்த ஆராய்ச்சிகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எலும்பைத் தேடுகிறவர் தேடட்டும். கட்சி கட்டுகிறவர் கட்டட்டும். என் வழக்கு வேறு. அதே குடும்பத்தில், அதே காலத்தில், அதே டவர் கோட்டைக்குள் மூன்றாவதாக ஒரு சிறுவன் போனான். அவன் பத்து வயதில் உள்ளே போய், இருபத்து நான்காவது வயதில் தலை வெட்டப்படுவதற்காக வெளியே வந்தான். அவனைக் கொன்றது யார் என்பதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. தேதி தெரியும், நீதிபதி தெரியும், உத்தரவிட்டவன் தெரியும். அதனாலேயே அவனைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

அவன் பெயர் எட்வர்டு, வார்விக் பிரபு. இந்தக் கதையில் எட்வர்டுகள் மலிந்து கிடப்பதால் வார்விக் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆங்கில மொழியில் உறவு முறை சொன்னால் இவன் கதையின் கொடுமை பாதி மறைந்துவிடும். அங்கே பெரியப்பாவும் 'அங்கிள்', சித்தப்பாவும் 'அங்கிள்', சித்தியின் புருஷனும் 'அங்கிள்'. நம்முடைய பாஷையில் சொல்லிப் பார்க்கலாம்.

யார்க் வம்சத்தில் சிங்காதனத்துக்குப் பிழைத்திருந்த சகோதரர்கள் மூன்று பேர். மூத்தவன் நான்காம் எட்வர்டு, அரசன். நடுவன் ஜார்ஜ், கிளாரன்ஸ் டியூக். கடைசித் தம்பி ரிச்சர்டு. வார்விக் நடுவனின் மகன். 1475 பிப்ரவரியில் பிறந்தவன். இரண்டு வயது முடியுமுன் தாய் இஸபெல் இறந்துபோனாள். மூன்று வயது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1478 பிப்ரவரி 18-ஆம் தேதி, பெரியப்பா தன் தம்பியை, அதாவது இவன் தகப்பனை, ராஜத் துரோகி என்று பார்லிமெண்டில் தீர்மானம் செய்து டவர் கோட்டைக்குள் கொன்றுவிட்டான். கிளாரன்ஸை மதுப் பீப்பாயில் அமுக்கிக் கொன்றார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உலகத்துக்கு இன்று கிளாரன்ஸைப் பற்றி நினைவிருப்பதும் அந்தப் பீப்பாய் ஒன்றுதான். வீட்டில் அவனுக்கு நாலரை வயதுப் பெண்ணும் மூன்று வயதுப் பிள்ளையும் இருந்தது பீப்பாயின் சுவாரசியத்தில் மூழ்கிப்போய்விட்டது.

அநாதையான பிரபு வீட்டுப் பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கும் உரிமை அந்தக் காலத்து இங்கிலாந்தில் விலைக்கு விற்கிற பண்டம். பிள்ளை மேஜராகும் வரையில் காப்பாளர் நிலத்தின் வருமானத்தைச் சாப்பிடலாம். தன் இஷ்டப்படி கல்யாணமும் முடித்து வைக்கலாம். வார்விக்கின் காப்பாளர் உரிமை டார்ஸெட் பிரபுவின் கைக்குப் போயிற்று. அந்த டார்ஸெட் யார்? பெரியம்மாவுக்கு முதல் கணவனிடம் பிறந்த பிள்ளை.

1483-ல் பெரியப்பா காலமானான். சித்தப்பா ரிச்சர்டு எழுந்தான். இந்தச் சித்தப்பா ஒரு வழிச் சித்தப்பா அல்லன். இரண்டு வழியிலும் சித்தப்பா. தகப்பனுக்குத் தம்பி, தாய் இஸபெலின் தங்கை ஆன் என்பவளின் கணவன். அண்ணனுடைய கல்யாணம் செல்லாது, ஆகவே அண்ணன் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்லர் என்று ரிச்சர்டு வாதித்தான். சரி, மூத்தவன் பிள்ளைகள் போனால் அடுத்த பாத்தியதை நடுவன் பிள்ளைக்கு அல்லவா? கடைசித் தம்பிக்கு எப்படி வரும்? அதற்கும் பதில் தயாராக இருந்தது. தகப்பன் ராஜத் துரோகி, ஆகையால் பிள்ளைக்கு உரிமை இல்லை என்று அந்தச் சாசனத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அந்த எட்டு வயதுப் பையன்தான் ரிச்சர்டின் முழு வாதத்திலும் இருந்த ஓட்டை. ஒரு வரி மையைப் போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ரிச்சர்டு இந்தப் பையனைக் கொல்லவில்லை. அந்த ஆண்டே யார்க் நகரத்தில் தன் சொந்த மகனோடு சேர்த்து அவனுக்கும் நைட் பட்டம் கொடுத்தான். பிறகு வடக்கே ஷெரிப் ஹட்டன் கோட்டையில் வைத்திருந்தான். பையன் அங்கே குதிரையைப் பார்த்திருப்பான், வயலைப் பார்த்திருப்பான், கோழியையும் வாத்தையும் பார்த்திருப்பான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1485 ஆகஸ்டு 22-ஆம் தேதி பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்டு மாண்டான். ஹென்றி டியூடர் ஜயித்து ஏழாம் ஹென்றியானான். வெற்றி பெற்ற கையோடு அவன் செய்த காரியங்களில் ஒன்று, ஷெரிப் ஹட்டனுக்கு ஆள் அனுப்பி வார்விக்கைப் பிடித்துவரச் சொன்னது. பத்து வயதுப் பையன் லண்டனுக்கு வந்தான். விரைவிலேயே டவர் கோட்டைக்குள் போனான்.

அவன் செய்த குற்றம் என்ன? யுத்தம் செய்தானா? கடிதம் எழுதினானா? ஒன்றும் இல்லை. யார்க் வம்சத்தில் ஆண் வழியில், முறைப்படி பிறந்து உயிரோடு மிஞ்சிய ஒரே வாரிசு அவன். ஹென்றியின் பாத்தியதையோ தாய் வழியில் வந்தது. அந்த வழிக்குச் சிங்காதனம் கிடையாது என்று 1407-லேயே ஓர் அரசன் எழுதி வைத்திருந்தான். ஹென்றியிடம் இருந்தது வாள். பையனிடம் இருந்தது ரத்தம்.

அடுத்த ஜனவரியில் ஹென்றி, நான்காம் எட்வர்டின் மகள் எலிஸபெத்தை மணந்தான். எலிஸபெத் யார்? வார்விக்குக்குப் பெரியப்பா மகள், அக்காள். ஆகவே ஹென்றி அக்காள் புருஷன். தகப்பனைக் கொன்றவன் பெரியப்பா. உரிமையைப் பறித்தவன் சித்தப்பா. சிறையில் அடைத்தவன் அக்காள் புருஷன். எல்லோரும் வீட்டு மனிதர்கள்.

சொத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். குடும்பச் சண்டையில் அது இல்லாமல் இருக்காது. இவனுடைய தாய் வழிப் பாட்டி ஆன் பீச்சம், வார்விக் சீமாட்டி, பெரும் சொத்துக்காரி. அவள் உயிரோடு இருக்கும்போதே, இறந்துவிட்டதாகப் பாவித்து அவளுடைய சொத்தை இரண்டு மருமகன்களும், கிளாரன்ஸும் ரிச்சர்டும், 1474-ல் பார்லிமெண்டுச் சட்டம் மூலம் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஹென்றி அந்த அநீதியை 1487-ல் திருத்தினான். சொத்து அனைத்தையும் கிழவியிடமே திருப்பிக் கொடுத்தான். ஆஹா, என்ன தர்மம் என்று கைதட்டி விடாதீர்கள். அதே ஆண்டே கிழவி அவ்வளவையும் அரசனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பாட்டியின் சொத்துக்கு வாரிசான பேரன் அப்போது டவரில் இருந்தான். அவனைக் கேட்பாரும் இல்லை, அவனுக்காகக் கேட்பாரும் இல்லை.

இதே 1487-ல் இன்னொரு விசித்திரம். ஆக்ஸ்போர்டு பக்கத்துத் தொழிலாளி மகன் ஒருவனை, ஒரு பாதிரியார் அழைத்துக்கொண்டு அயர்லாந்துக்குப் போனார். 'இவன்தான் வார்விக் பிரபு, சிறையிலிருந்து தப்பி வந்தவன்' என்று சொன்னார். பையன் பெயர் லாம்பர்ட் ஸிம்னல். டப்ளின் ஆலயத்தில் மே 24-ஆம் தேதி அவனுக்கு அரசன் என்று முடியே சூட்டிவிட்டார்கள். ஹென்றி என்ன செய்தான்? அசல் வார்விக்கை டவரிலிருந்து வெளியே கொண்டுவந்து, லண்டன் வீதி வழியாக ஸெயின்ட் பால் ஆலயத்துக்கு அழைத்துப்போய் ஜனங்களுக்குக் காட்டினான். பிறகு பழையபடி உள்ளே அனுப்பினான். ஜூன் 16-ஆம் தேதி ஸ்டோக் களத்தில் போலிக் கட்சி தோற்றது. பிடிபட்ட ஸிம்னலை ஹென்றி மன்னித்து அரண்மனைச் சமையலறையில் இறைச்சிக் கம்பி சுழற்றும் வேலைக்கு வைத்தான். பின்னால் அவன் வல்லூறு பழக்கும் வேலைக்கு உயர்ந்தான்.

வரலாற்று நூல்கள் இந்த இடத்தில் புன்சிரிப்புச் சிரிக்கின்றன. ஹென்றியின் தாராள மனசைப் பாராட்டுகின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'நான் வார்விக்' என்று பொய் சொல்லிப் படையெடுத்து வந்த பையனுக்கு அடுப்பங்கரையும், பிறகு திறந்த வெளியும், பறவையும் கிடைத்தன. மெய்யாகவே வார்விக்காக இருந்த பையனுக்குச் சுவர் கிடைத்தது. குற்றம் செய்தவனை மன்னிக்கலாம், குற்றம் முடிந்துவிட்டது. பிறப்பை எப்படி மன்னிப்பது? அது முடிகிற விஷயமா?

இப்போது அந்த வாத்துக் கதைக்கு வருகிறேன். எட்வர்டு ஹால் என்ற வரலாற்றாசிரியரின் நூல் 1548-ல் வெளியாயிற்று. வார்விக் மாண்டு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து. மனிதர் முகமும் மிருக முகமும் பார்க்காமல் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்ததால், வார்விக்குக்கு வாத்துக்கும் கொழுக்க வைத்த சேவலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று என்ற கருத்தை அவர் எழுதி வைத்தார். அதற்குப் பின் வந்தவர்கள் என்ன செய்தார்கள், பாருங்கள்! முன்பாதியை விட்டுவிட்டார்கள், பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். 'பையன் மந்தபுத்தி, அசடு, பாவம்' என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

ஹால் சொன்னது உண்மையானால், அது பையனுடைய மூளைக்கு அத்தாட்சி ஆகாது, சிறைக்கு அத்தாட்சி. பத்து வயதுப் பிள்ளையைப் பதினாலு வருஷம் பூட்டி வைத்துவிட்டு, வெளியே எடுத்து, 'ஐயோ, இவனுக்கு உலகம் தெரியவில்லையே' என்றால் அது என்ன நியாயம்? ஹால் சொன்னது மிகையானால், அதுவும் அசட்டுத்தனத்துக்குச் சாட்சி ஆகாது. ஷெரிப் ஹட்டனில் பத்து வயது வரை இருந்த பையன் வாத்தைப் பார்க்காமலா இருந்திருப்பான்? எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வாக்கியம் குற்றவாளியையே சுட்டுகிறது. ஆனாலும் ஐந்நூறு ஆண்டாக அதைக் கொல்லப்பட்டவன் மேலேயே போட்டுக்கொண்டிருக்கிறோம். காரணம் வெளிப்படை. இறந்தவன் அசடு என்றால் நமக்கும் கொஞ்சம் நிம்மதி. பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை பாருங்கள்!

நாடக மேதை ஷேக்ஸ்பியரும் இந்தக் காரியத்துக்குக் கைகொடுத்திருக்கிறார் என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. அவருடைய 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தைக் கல்லூரியில் படித்தவர்கள் நம்மில் அநேகர். அதில் கிளாரன்ஸின் பிள்ளைகள் பாட்டியிடம் அழுதுகொண்டு ஒரு காட்சியில் வருகிறார்கள். பின்னால் ரிச்சர்டு, 'அந்தப் பையன் அசடு' என்கிறான். பையனை இறுக்கிப் பூட்டி வைத்துவிட்டதாகவும், அவனுடைய அக்காளைத் தாழ்ந்த இடத்தில் கல்யாணம் செய்து தள்ளிவிட்டதாகவும் பெருமையடிக்கிறான். உண்மையில் பையனை டவரில் பூட்டியவன் யார்? ஏழாம் ஹென்றி. அக்காள் மார்கரெட்டை ஸர் ரிச்சர்டு போல் என்ற தன் தாய் வழிச் சொந்தக்காரன் ஒருவனுக்குக் கட்டிவைத்து அவளுடைய ராஜ ரத்தத்துக்கு அணை போட்டவன் யார்? அவனும் ஏழாம் ஹென்றிதான். நாடகம் எழுதப்பட்டபோது அரியணையில் இருந்தவள் ஏழாம் ஹென்றியின் பேத்தி, முதலாம் எலிஸபெத் ராணி. தாத்தா செய்த பாவம் ஒன்றை ஏற்கனவே கூன் சுமந்த வில்லன் முதுகில் இன்னொரு மூட்டையாக ஏற்றிவிட்டார் கவிஞர். அவருடைய கவித்துவத்துக்கு இதனால் குறைவு வராது. ஆனால், வில்லனுக்கு எத்தனை மூட்டை ஏற்றினாலும் தாங்கும் என்ற நினைப்பில்தான் மெய்யான குற்றவாளிகள் கையை வீசிக்கொண்டு நடந்து போகிறார்கள்.

ரிச்சர்டுக்கு வக்காலத்து வாங்கும் கட்சிக்கும் வார்விக் மேல் தனியான பாசம் இல்லை. டே அம்மையாரின் நாவலிலும் அவன் பெயர் வருகிறது. ஹென்றி எப்பேர்ப்பட்டவன் என்று காட்டும் துணைச் சாட்சியமாக வருகிறது. ஒரு கட்சிக்கு அவன் வில்லனின் மூட்டையில் ஒரு சாமான். மறு கட்சிக்கு எதிர் வில்லனின் மூட்டையில் ஒரு சாமான். அவனை மனிதனாக யார் பார்த்தார்கள்?

முடிவைச் சொல்கிறேன். 1490-களில் பெர்கின் வார்பெக் என்று இன்னொருவன், 'டவரில் மறைந்த இளையவன் ரிச்சர்டு நானே' என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பிய அரசவைகளைச் சுற்றினான். 1497-ல் பிடிபட்டான், அடுத்த ஆண்டு தப்பி ஓடி மீண்டும் அகப்பட்டு டவருக்குள் வந்து சேர்ந்தான். 1499 தொடக்கத்தில் ரால்ப் வில்போர்டு என்று ஒருவன், தான்தான் வார்விக் என்று கிளம்பினான், அவனைத் தூக்கிலிட்டார்கள். அதே சமயத்தில் ஸ்பெயின் தேசத்து அரசகுமாரி காதரினை ஹென்றியின் மூத்த மகன் ஆர்தருக்குக் கல்யாணம் முடிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டுச் சிங்காதனம் உறுதியானதுதானா என்ற கவலை.

அந்த ஆண்டு டவருக்குள்ளே ஒரு சதி 'கண்டுபிடிக்கப்பட்டது'. வார்விக்கும் வார்பெக்கும் காவலாளர் சிலருடன் சேர்ந்து தப்பி ஓடத் திட்டமிட்டார்களாம். சதியை வளர்த்துவிட்டதே அரசாங்கத்து ஆட்கள்தானோ என்று சந்தேகிக்கும் சரித்திர ஆசிரியர்கள் பலர். அந்தச் சந்தேகத்துக்குள் நான் போகவில்லை. மர்மம் என்றதும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள். சதி மெய் என்றே வைத்துக்கொள்ளலாம். பதினாலு ஆண்டு காரணமில்லாமல் அடைபட்டவன் வெளியே போக ஆசைப்பட்டான். அது ராஜத் துரோகம்!

நவம்பர் 21-ஆம் தேதி விசாரணை. நீதிபதியாகத் தலைமை வகித்தவர் ஆக்ஸ்போர்டு பிரபு, ஜான் டி வியர். இவருடைய பூர்வோத்தரம் தெரிந்தால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். நான்காம் எட்வர்டு இவரைக் காலேக்கு அருகில் ஹாம் கோட்டையில் ஏறக்குறைய பத்து ஆண்டு சிறை வைத்திருந்தான். 1484-ல் சிறைத் தலைவனையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு தப்பி ஓடி, ஹென்றியோடு சேர்ந்து, பாஸ்வொர்த்தில் படை நடத்திப் பெரிய மனிதர் ஆனவர் இவர். சிறையிலிருந்து தப்பியதனால் பிரபுவாக நிமிர்ந்தவர், சிறையிலிருந்து தப்ப நினைத்தவனுக்கு மரண தண்டனை விதித்தார். உத்தரவிட்ட அரசனாவது வேறு மாதிரியா? ஹென்றியும் 1471-லிருந்து 1485 வரை பதினாலு ஆண்டு அந்நிய தேசத்தில் பாதி விருந்தாளி, பாதிக் கைதியாக இருந்து தப்பி வந்தவன். அதே பதினாலு ஆண்டைத்தான் அவன் வார்விக்குக்குத் திருப்பிக் கொடுத்தான். தப்புகிற பகுதியை மட்டும் கொடுக்கவில்லை.

வார்விக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பத்து வயதிலிருந்து காவலாளரைத் தவிர வேறு மனிதரோடு பழகாதவன் வேறு என்ன சொல்லத் தெரிந்தவன்? 23-ஆம் தேதி வார்பெக்கைத் தூக்கிலிட்டார்கள். 28-ஆம் தேதி டவர் குன்றில் வார்விக்கின் தலை விழுந்தது. ஆறு வாரம் கழித்து ஸ்பானியத் தூதர் டி ப்யூப்லா தம் அரசருக்குக் கடிதம் எழுதினார்: சந்தேகத்துக்கு இடமான ராஜ ரத்தம் இங்கிலாந்தில் ஒரு துளியும் மிச்சமில்லை என்ற பொருள்பட. 1501 நவம்பரில் கல்யாணம் நடந்தது. ஐந்து மாதத்தில் மாப்பிள்ளை ஆர்தர் இறந்துபோனான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, படித்தவர்கள் சொல்லும் ஒரு பதில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்; ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். 'முப்பது ஆண்டு உள்நாட்டு யுத்தத்தில் நாடு சீரழிந்திருந்தது. பையனை வெளியே விட்டிருந்தால் எவனாவது ஒரு பிரபு அவன் பெயரைச் சொல்லிப் படை திரட்டியிருப்பான். ஆயிரக்கணக்கில் உழவனும் தொழிலாளியும் செத்திருப்பார்கள். ஓர் உயிரா, பல உயிரா? அரசன் என்ன செய்வான்?'

இந்த வாதத்தைச் சம்பவங்களோடு உரைத்துப் பார்க்கலாம். வார்விக் பூட்டப்பட்டிருந்ததனால்தானே போலி வார்விக்குகள் கிளம்பினார்கள்? நாலு பேர் தினம் பார்க்கிற மனிதனைப் போல் வேஷம் போட முடியாது. கண்ணில் படாதவன் பெயரைத்தான் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஸிம்னல் கலகத்தின்போது ஹென்றி கையில் இருந்த நல்ல ஆயுதம், அசல் பையனை வீதியில் நடத்திக் காட்டியதுதான். அந்த ஒரு நாள் செய்ததை எந்நாளும் செய்திருக்கலாமே! அரண்மனையில் அக்காளின் அருகில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கலாம். பூட்டி வைத்தான், பூட்டு வதந்தியைப் பெற்றது, வதந்தி போலியைப் பெற்றது, போலியைக் காரணம் காட்டி அசலைக் கொன்றான்.

அந்தக் கொலையினால் பயம் தீர்ந்ததா? எட்டாம் ஹென்றி காலத்தில் கணக்குப் பாருங்கள். யார்க் வம்சத்து மருமகப் பிள்ளை ஸப்போக் பிரபு 1513-ல் தலையை இழந்தான். வார்விக்கின் அக்காள் மகன் மாண்டகியூ பிரபு 1539-ல். அவனுடைய சிறு மகன் ஹென்றி போல் டவருக்குள் போனான், வெளியே வரவில்லை. நான்காம் எட்வர்டின் கொள்ளுப் பேரன் எட்வர்டு கோர்ட்டனே 1538-ல் பன்னிரண்டு வயதுப் பையனாக அதே டவருக்குள் போய், 1553-ல்தான் சூரிய வெளிச்சத்துக்கு வந்தான். கடைசியில், 1541 மே 27-ஆம் தேதி, வார்விக்கின் அக்காள் மார்கரெட்டையே, அறுபத்தேழு வயதுக் கிழவியை, கட்டையில் தலை வைக்கச் சொன்னார்கள். 'நாட்டின் அமைதிக்காக ஒரே ஒரு உயிர்' என்று ஆரம்பித்தவர்களுக்கு எந்த உயிரோடு நிறுத்துவது என்று தெரியவில்லை. தெரியவும் தெரியாது. பிறப்பே குற்றம் என்றால் பிறந்துகொண்டே இருப்பார்கள் அல்லவா?

கதை எழுதுகிறவர்களையும் கதை படிக்கிறவர்களையும் பார்த்து நான் கேட்க நினைத்தது இதுதான். மறைந்துபோன இரண்டு குழந்தைகளுக்காக ஐந்நூறு ஆண்டாகக் கண்ணீர் விடுகிறோமே, அந்தக் கண்ணீரில் எத்தனை பங்கு இரக்கம், எத்தனை பங்கு விடுகதைச் சுவை? இரக்கமே முழுவதும் என்றால், மூன்றாவது பிள்ளைக்கும் அதில் பங்கு போயிருக்க வேண்டும். போகவில்லையே! கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் புத்தகத்தை மூடிவிடுகிற பழக்கம் துப்பறியும் கதைக்குச் சரி. சரித்திரத்தில் அது ஆபத்தான பழக்கம். இரவில் தலையணையை அழுத்திக் கொன்றால் கொலை என்கிறோம். பகலில் வழக்கு நடத்தி, ஒப்புதல் வாங்கி, முத்திரை குத்தி, பத்துப் பேர் பார்க்க வெட்டினால் அதை 'மரண தண்டனை' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறோம். உலகத்தில் அதிகாரம் படைத்தவர்கள் செய்த கொலைகளில் மிகப் பல இந்த இரண்டாவது வகைதான். அவற்றில் மர்மம் இராது; காகிதம் ஒழுங்காக இருக்கும்.

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்குச் சரக்கு இல்லையா இதில்? கட்டாயம் உண்டு. ஆனால் அவன் திருப்பத்தை நம்பி எழுத முடியாது. சுரங்கப் பாதை கிடையாது, மாறுவேஷம் கிடையாது, கடைசி அத்தியாயத்தில் அவிழும் முடிச்சும் கிடையாது. ஒரு பையன் ஒரு ஜன்னலருகில் ஐயாயிரம் நாளுக்கு மேல் நின்றான். அந்த நாட்களை எழுதத் திராணி வேண்டும். படிக்கவும் பொறுமை வேண்டும். அடுத்த இதழில் என்ன ஆகும் என்ற தவிப்பை மட்டும் வாசகருக்குப் பழக்கிவிட்ட நாம், ஒன்றுமே ஆகாத பதினாலு ஆண்டை எழுதப் பயப்படுகிறோம். அந்தப் பயம்தான் ஹென்றிக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரம்.

வார்விக்கின் உடலையும் தலையையும் தேம்ஸ் நதிக்கரையில் பிஷம் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். செலவு அரசனுடையது. அக்காள் புருஷன் அந்த மட்டில் குறை வைக்கவில்லை. பிறகு எட்டாம் ஹென்றி மடாலயங்களை ஒழித்தபோது அந்த ஆலயமும் அழிந்தது, கல்லறையும் போயிற்று. இன்று அந்த இடத்தில் தேசிய விளையாட்டுப் பயிற்சி மையம் இருக்கிறது. இளைஞர்கள் வெயிலில் ஓடுகிறார்கள், பந்து அடிக்கிறார்கள், வியர்வையோடு புல்லில் படுத்துக்கொள்கிறார்கள். பத்து வயதில் அவனிடமிருந்து பறித்துக்கொண்டது இதைத்தான்.